கள்ளிக்கு வார்த்த தீர்த்தம்

பாற்கடலில் துயில்பவனே, நீரற்ற இம்மணல் நாட்டிற்கும் சாளக்கிராமச் சிறு கல்லாய் என் பெட்டிக்குள் உடன் வந்தவனே, உன் திருவடிகளைச் சிரமேற்கொண்டு இக்குறிப்புகளைத் தொடங்குகிறேன். எழுதும் கை என்னுடையது. அது எழுதாமல் விடுவதையும் நீ அறிவாய்.

வைகாசி 2, வெள்ளி

ஜோத்பூரின் வெயிலைப் பற்றி மாப்பிள்ளை சம்பத் முன்பே எச்சரித்திருந்தார். ஆயினும் காலை எட்டு மணிக்கே சுவர் சுடும் என்று நான் எண்ணவில்லை. பகலில் 'லூ' என்று இவ்வூரார் அழைக்கும் அனல்காற்று வீசுகிறது. சன்னல்களை அடைத்து, திரையிட்டு, விளக்கேற்றிக்கொண்டு பகலைக் கழிக்கிறோம்.

கோமளத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுவிட்டன. திங்களும் வியாழனும் இங்குள்ள மருத்துவமனையில் இயந்திரத்தின் வழியே இரத்தத்தைத் தூய்மை செய்கிறார்கள். எங்கள் ஒரே மகள் மைதிலி தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தாய்க்குத் தர இருக்கிறாள். ஆனி மாதக் கடைசியில் அறுவை. அதுவரை கோமளம் பருகும் நீர் ஒரு நாளைக்கு ஒரு சிறு சொம்பு. ரசமும் மோரும் அதற்குள் அடக்கம். மிஞ்சிப் போகும் ஒவ்வொரு வாய் நீரும் வெளியேற வழியின்றி உடம்பில் தேங்கும், நெஞ்சில் ஏறும், இதயம் கெட்டால் அறுவைக்கே இடமில்லை என்று மருத்துவர் இந்தியில் சொன்னதைச் சம்பத் எனக்கு மொழிபெயர்த்தார். கோமளம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

மாலையில் மைதிலி மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றாள். பாலைத் தாவர ஆய்வுப் பண்ணையில் வேலை பார்ப்பவள் வீட்டையும் பண்ணையாக்கி வைத்திருக்கிறாள். பச்சை வலைக்கூரையின் கீழ் சரளை நிரப்பிய மண்தொட்டிகளில் கள்ளிகள்: தூணாக நிற்பவை, பீப்பாயாகப் பருத்தவை, வெண்மயிர் போர்த்த கிழவர்களைப் போல் குந்தியிருப்பவை.

"பழம்புலவர்கள் கள்ளியைச் சுடுகாட்டில் வைத்துத்தான் பாடினார்கள். அதை வீட்டுக்குள் வளர்க்கிறாயே" என்றேன்.

"அது நம்மூர்க் கள்ளிப்பா. இதெல்லாம் அமெரிக்காலேர்ந்து வந்த ஜாதி. இதுக்கும் உங்க சுடுகாட்டுக்கும் சம்பந்தமே இல்லே" என்று சிரித்தாள்.

பிறகு குரல் மாறியது. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்கோ. இந்த ரெண்டு மாசம் இதெல்லாம் தூங்கறது. தூங்கறச்சே தண்ணி விட்டா வேர் வெந்துடும். பாவமா இருக்கேன்னு யாரும் கை வைக்கப்படாது. நான் பாத்துக்கறேன்."

வைகாசி 3, சனி

ஊரிலிருந்து கொணர்ந்த துளசி கருகிவிட்டது. எனக்கு இதனால் ஒரு தர்மசங்கடம். காலையில் பெருமாளை நீராட்டித் திருமஞ்சனம் ஆனபின் நாங்கள் ஏற்றது போக வட்டிலில் மிஞ்சும் தீர்த்தத்தைத் துளசியின் அடியில் சேர்ப்பதே வழக்கம். கால்படும் இடத்தில் கொட்டலாகாது. சாக்கடையிலோ நினைத்தும் பார்க்கலாகாது. இவ்வீட்டில் வேறு மண் இல்லை, கள்ளித் தொட்டிகளைத் தவிர.

வலைக்கூரையின் மூலையில் உருண்டையான கள்ளி ஒன்று உண்டு. மைதிலி விதையிட்டு முளைப்பித்தது; பத்தாண்டு வளர்ந்தும் ஒரு பூ காட்டாதது. அதன் அடியில் சேர்த்தேன். சரளை சூடாக இருந்தது, ஓசையுடன் உறிஞ்சிக்கொண்டது.

வைகாசி 5, திங்கள்

மருத்துவமனையில் லிஸி என்னும் மலையாளச் செவிலி கோமளத்தை எடை பார்த்தாள். "நல்ல அம்மா. சொன்ன மாதிரி கேட்டு. இங்க சில ஆளுகள் குளத்தை அப்படியே குடிச்சிட்டு வரும், பின்னே என்கிட்டே சத்தியம் பண்ணும்" என்று பாராட்டினாள்.

"குளம் எங்கே இருக்கு இந்த ஊரிலே, குடிக்கறதுக்கு?" என்றாள் கோமளம். அவளுடைய உதடுகள் வெடித்திருந்தன.

வீடு திரும்பும் வழியெல்லாம் காரின் கண்ணாடியில் கன்னத்தை வைத்திருந்தாள். தெருமுனையில் ஒருவன் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். கண்ணுக்கு மறையும் வரை அதையே திரும்பிப் பார்த்தாள்.

வைகாசி 9, வெள்ளி. ஏகாதசி

நான் உபவாசம். கோமளத்திற்கு நோயை முன்னிட்டு விலக்கு. திருவாராதனம் முடிந்து, உத்தரணிக் கரண்டியால் மூன்று முறை தீர்த்தம் அளித்தேன். நீட்டிய கையை அவள் விலக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சாதிக்கப்படாதா?"

"உனக்கு அளவு இருக்கிறதே."

"ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். நீங்க இன்னிக்கு சுத்த உபவாசம். தண்ணி கூடக் கிடையாது. ஆனா தீர்த்தம் சேவிச்சேளே, உங்க விரதம் போயிடுத்தா?"

"தீர்த்தத்தால் விரதம் கெடாது. அது நீர் அல்ல, பிரசாதம்."

"ஏகாதசிக்கே கணக்கில்லாதது டாக்டருக்கு மட்டும் எப்படிக் கணக்காகும்?"

என் தந்தையார் காலம் முதல் நாங்கள் கைக்கொண்டுவரும் நியமம் அது. அதில் பிழை சொல்ல எனக்கு நா எழவில்லை. மேலும் மூன்று உத்தரணி வார்த்தேன். கண்களை மூடிக்கொண்டு, நெடுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினாள். அவள் முகத்தில் அப்படியோர் அமைதியை இவ்வூருக்கு வந்தபின் நான் கண்டதில்லை.

வைகாசி 11, ஞாயிறு

வெப்பம் மிகுதி. பெருமாளுக்கும் வெப்பமன்றோ. இன்று முதல் மூன்று வேளையும் திருமஞ்சனம், நீரும் நிறைய.

வைகாசி 12, திங்கள்

மூலைக் கள்ளி பருத்திருக்கிறது. மடிப்புகள் விரிந்து தோல் பளபளக்கிறது. உச்சியில் பஞ்சு போன்ற மயிர்களுக்கிடையே இரண்டு மொட்டுகள். மற்ற கள்ளிகள் யாவும் வற்றிச் சுருங்கி நிற்க, இது ஒன்று மட்டும் கர்ப்பிணியைப் போல் நிற்கிறது. தீர்த்தத்தின் மகிமையை நான் வேறெங்கே தேட வேண்டும்?

மருத்துவமனையில் லிஸி எடையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "என்ன அம்மா, இந்த வாரம் எடை ஏறியிருக்கு?"

"உன் தராசு பழசு. புதுசு வாங்கச் சொல்லு" என்றாள் கோமளம்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வைகாசி 15, வியாழன்

தேங்கிய நீரை இயந்திரம் இன்று விரைந்து இழுக்க வேண்டியிருந்ததாம். கோமளத்தின் கெண்டைக்கால்கள் முறுக்கிக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்றாள். நான் கால்களைப் பிடித்துவிட்டேன். லிஸி சம்பத்தை வெளியே அழைத்துப் பேசினாள். திரும்பி வந்த சம்பத், "மாமா, மாமி கணக்குக்கு மேலே ஏதாவது குடிக்கறாளா? நீங்க பாத்தேளா?" என்று கேட்டார்.

"சொம்புக்கு மேல் ஒரு சொட்டு நீர் பருகுவதில்லை" என்றேன். நான் சொன்னது பொய்யன்று.

வைகாசி 17, சனி

மொட்டுகள் விரிந்தன. விடியற்காலையில் பட்டு நூலால் நெய்தாற்போன்ற மஞ்சள் இதழ்கள், நடுவே செம்மை. முட்களின் காவலுக்குள் இத்தனை மென்மையா என்று நெஞ்சம் உருகிற்று. கோமளத்தைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துவந்து நாற்காலியில் அமர்த்தினேன். படியேறுவதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்கினாள். வயது.

அவள் முகம் இப்போது முழுமதி போல் நிறைந்திருக்கிறது. கன்னத்தின் பள்ளங்கள் மறைந்தன. மணமான புதிதில் இருந்த முகம் திரும்பியதோ என்று தோன்றிற்று.

மைதிலி பூவைக் கண்டு மகிழ்வாள் என்றிருந்தேன். அவளோ குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இது பூக்கற சமயமே இல்லியே. சாகப் போற செடிதான் சில சமயம் இப்படி அவசரமாப் பூக்கும்."

"விடிஞ்சதும் விடியாததுமா என்ன பேச்சுடீ இது? பூத்ததைப் பாத்து சந்தோஷப்படு" என்றாள் கோமளம்.

மைதிலி தாயின் கணுக்காலைத் தொட்டாள். விரலை எடுத்த இடத்தில், பிசைந்த மாவில் பதிந்தாற்போல் ஒரு குழி நின்றது. நான் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீண்டும் திரும்பியபோதும் குழி இருந்தது.

வைகாசி 19, திங்கள்

மருத்துவமனை. எழுத ஒன்றுமில்லை.

வைகாசி 20, செவ்வாய்

மூலைக் கள்ளி சாய்ந்துவிட்டது.

காலையில் தீர்த்தம் சேர்க்கச் சென்றேன். பச்சை மாறாமல், முள் ஒன்றும் உதிராமல், உருண்டை மட்டும் ஒருபுறமாகச் சரிந்திருந்தது. நிமிர்த்தலாமென்று தொட்டியை அசைத்தேன். உச்சி தன் பூக்களோடு கழன்று சரளையில் உருண்டது. உள்ளே சதை இல்லை. தேன்நிறக் கூழ் இருந்தது, நாற்றம் தாளவில்லை. வெளித்தோலை மட்டும் மிச்சம் வைத்து உள்ளே யாவும் எப்போதோ கரைந்திருந்தன.

மைதிலி ஓடிவந்தாள். சரளைக்குள் விரலை விட்டாள்.

"ஈரமா இருக்கே. யாரு தண்ணி விட்டா?"

"நீர் விடவில்லை அம்மா. பெருமாள் தீர்த்தம் சேர்த்தேன். துளசி இல்லையே என்று."

நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா... வேருக்கு என்னப்பா தெரியும், எது தீர்த்தம், எது தண்ணின்னு? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

பத்தாண்டு வளர்த்ததை முறத்தில் அள்ளிக்கொண்டு இறங்கினாள். "போனாப் போறது. அம்மா நன்னா ஆனாப் போறும்" என்று படியில் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

வைகாசி 21, புதன்

மைதிலி சொன்னதை மதித்து இனிக் கள்ளிகளுக்குத் தீர்த்தம் சேர்ப்பதில்லை. தாவரம் தாவரமே, அதற்கு பக்தி இல்லை. பக்தியோடு ஏற்பவரிடத்தில் தீர்த்தத்தின் இயல்பு வேறு. இதைப் பலவாறு சிந்தித்துத் தெளிந்தேன்.

வட்டிலில் மிஞ்சுவதை இப்போது கோமளமே ஏற்றுக்கொள்கிறாள். கீழே சிந்தும் அபசாரம் இல்லை.

வைகாசி 23, வெள்ளி. நீரில்லா ஏகாதசி

ஆண்டின் ஏகாதசிகளுள் நீரும் பருகாமல் நோற்க வேண்டியது இது. இவ்வூரில் விந்தையானதொரு வழக்கம்: தாம் நீர் அருந்தாதவர்கள் தெருவில் பந்தலிட்டு வருவோர் போவோர்க்கெல்லாம் ரோஜாப்பூச் சர்பத்தும் குளிர்நீரும் வழங்குகிறார்கள். எங்கள் வாசலுக்கு எதிரிலேயே பந்தல். பனிக்கட்டி உடைக்கும் ஓசை காலை முதல் கேட்டது. சன்னலை அடைக்கச் சொன்னேன். கோமளம் விடவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு குவளையும் எவர் வாய்க்குச் செல்கிறதென்று பார்த்திருந்தாள்.

மைதிலியும் சம்பத்தும் வேலைக்குப் போயிருந்தார்கள். நண்பகல் திருமஞ்சனம் முடிந்தது.

"வட்டிலைக் குடுங்கோ."

"உத்தரணியால் தருகிறேன்."

"உங்க உத்தரணி எறும்புக்கு வார்க்கறதுக்கு. வட்டிலைக் குடுங்கோன்னா. நாப்பத்தஞ்சு வருஷத்திலே உங்களை வேறென்ன கேட்டேன்?"

கொடுத்தேன். இரு கைகளாலும் ஏந்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நிறுத்தாமல் பருகினாள். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்டேன். பச்சைக் கற்பூரத்தின் மணம் அறையெங்கும் நிறைந்தது.

மாலையிலும் கொடுத்தேன்.

வைகாசி 24, சனி

விடியலில் கோமளம் எழுந்து உட்கார்ந்துகொண்டு, படுக்க முடியவில்லை என்றாள். பேச்சுக்கு மூச்சு போதவில்லை. மார்புக்குள் குடம் கவிழ்த்தாற்போல் களகளவென்று ஓர் ஒலி. வாயில் நுரை. சம்பத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

துவாதசி பாரணை செய்து நோன்பை முடிக்கவில்லை. ஆராதனம் செய்தேன்.

வைகாசி 26, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு. மூக்கில் குழாய், கழுத்தில் குழாய். நீரையெல்லாம் இழுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டாள். இதயம் தளர்ந்திருக்கிறதாம், ஆனியில் அறுவை இல்லை. மூன்று மாதம் இதயத்தைச் சோதித்தபின் உண்டா இல்லையா என்று சொல்வார்களாம். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் அந்தக் கேள்விக்கே தேவை இராது என்றாராம் மருத்துவர்.

உள்ளே செல்ல எங்களுக்குச் சிறிது நேரமே தந்தார்கள். மைதிலி கட்டிலருகே நின்றாள்.

"அம்மா, நிஜத்தைச் சொல்லு. எங்கேர்ந்து குடிச்சே?"

கோமளம் என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய கைநகங்களைப் பார்த்தேன்; வெளுத்திருந்தன.

"குளிக்கற உள்ளிலே. குழாயிலே வாய் வெச்சுக் குடிச்சேன்."

"எத்தனை நாளா?"

"எத்தனை நாளோ."

"நான் என் உடம்பை அறுத்துத் தரேன்னு நிக்கறேன். நீ திருட்டுத்தனமா..." மைதிலி வெளியே போய்விட்டாள்.

திரைக்கு அப்பாலிருந்து லிஸி, "சுவாமி, சமயம் ஆச்சு" என்றாள். கோமளம் கண்களை மூடிக்கொண்டாள். நான் வெளியே வந்து மைதிலியின் பக்கத்தில் அமர்ந்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள்.

வைகாசி 30, வெள்ளி

கோமளம் வீட்டிற்கு வந்தாள். சம்பத் குளியலறைக் குழாயின் திருகைக் கழற்றிவிட்டார். சமையலறைக்குப் பூட்டு. கோமளத்தோடு பகலில் இருக்க ஒரு பெண்மணியை அமர்த்தியிருக்கிறார்கள். அவள் குளியலறைக் கதவைத் தாழிட விடுவதில்லை. கோமளம் எதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

மைதிலி என்னிடம் வந்து கைகூப்பினாள். "அப்பா, எனக்கு இந்த வீட்டிலே இனிமே உங்க ஒருத்தரைத்தான் நம்ப முடியும். நீங்க குடுக்கற தீர்த்தம் ஒண்ணு தவிர வேற எதுவும் என்னைக் கேக்காம அம்மா வாயிலே படப்படாது. அதை மட்டும் நான் எப்படி நிறுத்துவேன்? பெருமாள்தானே காப்பாத்தினார்."

வைகாசி 31, சனி

ஆராதனம் முடிந்தது. கோமளம் கட்டிலில் அமர்ந்தபடி கையை நீட்டினாள். வாயிற்படியில் மைதிலி பார்த்து நின்றாள்.

முதல் உத்தரணி. இரண்டாவது. மூன்றாவது. மைதிலி நிறைவோடு நகர்ந்து சென்றாள்.

கை நீண்டபடியே இருந்தது. கோமளம் கேட்கவில்லை, வாயைத் திறக்கவுமில்லை. வெடித்த உதடுகளோடு என்னைப் பார்த்தாள், அவ்வளவே. நிறுத்த வேண்டும் என்று என் உள்ளம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் கை நான்காவதை வார்த்தது. ஐந்தாவதையும் வார்த்தது.

ஆனி 1, ஞாயிறு

நாள் முழுதும் புழுதிப் புயல். நண்பகலிலேயே இருட்டிவிட்டது. மாடியில் வலைக்கூரை கிழிந்து அடித்துக்கொண்டது. மைதிலி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தினாள்.

கையில் வட்டில் இருக்கும் வரை நான் நிறுத்தமாட்டேன். இதை இன்று அறிந்தேன்.

மாலையில் சம்பத்திடம், "மாப்பிள்ளை, புஷ்கரத்தில் நம் சம்பிரதாயத்து அர்ச்சகர் ஒருவர் இருக்கிறார் என்றீர்களே, அங்கே என்னை அழைத்துச் செல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

"சேவிக்கவா மாமா?"

"பெருமாளை அவரிடம் எழுந்தருளப்பண்ண. எனக்கு வயதாகிவிட்டது. ஆராதனத்தில் தவறுகள் நேர்கின்றன."

மைதிலி திகைத்துப்போனாள். "தாத்தாவுக்குத் தாத்தா காலத்துப் பெருமாள்ப்பா! இப்போ இந்த வீட்டிலே அவர் இல்லாம எப்படி?"

தவறுகள் நேர்கின்றன என்று மறுபடியும் சொன்னேன். எத்தகைய தவறு என்று அவள் கேட்கவில்லை.

ஆனி 3, செவ்வாய்

புஷ்கரத்திலிருந்து திரும்பிவிட்டோம். அர்ச்சகர் இளையவர், கைகள் சுத்தமானவை. பட்டுத்துணியைப் பிரித்து அவர் கையில் சாளக்கிராமத்தை வைத்தபோது என் உள்ளங்கை அதன் எடையை விடாமல் இன்னும் சற்றுநேரம் தாங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை எழுந்தருளப்பண்ணிய பெருமாளைத் திரும்பக் கேட்பது முறையன்று. அவரும் அதைச் சொன்னார். தெரியும் என்றேன்.

வீட்டிற்குள் நுழைந்ததும் கோமளம் என் கைகளைத்தான் பார்த்தாள்.

"பெருமாளையும் அனுப்பிட்டேளா?"

"ஆம்."

"உங்களுக்காகப் பொய் சொன்னேன். எனக்கு இதுதானா?"

பகல்நேரப் பெண்மணி தமிழறியாதவள். விசிறியை வீசிக்கொண்டு புன்னகைத்தாள். நான் கட்டிலின் விளிம்பில் அமர்ந்தேன். கோமளம் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே, "எனக்குத் தாகமா இருக்குன்னா" என்றாள்.

"தெரியும், கோமளம்."

"தெரியறதுன்னா ஒக்காருங்கோ. போகாதேங்கோ."

அமர்ந்திருக்கிறேன். அமர்ந்தபடியே இதை எழுதுகிறேன். அவள் உறங்கவில்லை. அவளுடைய மூச்சை எண்ணாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை அதில் நீரின் ஒலி இல்லை. நாளை காலை நான் எதை ஏந்தி எழுவேன் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு இருக்கக் கற்பதற்கு இது பிந்திய வயது.

இதனை வாசிக்கும் அன்பரே, நீரும் உம் இல்லத்தாரும் நீடு வாழ்க. உம் மனையில் தாகித்தவர் கைநீட்டும் நாளில் வார்ப்பதற்குத் தண்ணீர் இருக்கட்டும். அதனினும் மேலாக, வார்க்கும் கைக்கு நிறுத்தும் வலிமையை எம்பெருமான் அருளட்டும். உம் அடுக்களை பூட்டின்றித் திறந்திருக்கட்டும். மங்களம் உண்டாகுக.